ஹோல்டான் சொன்ன சபித்ரி

ஓடிக்கொண்டிருந்த பேருந்தை ஒடிசாக்காரப் பெண்ணொருத்தி வெறும் குரலாலேயே கட்டி, ஒரு பர்லாங்கு தூரம் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாள் என்று ராசப்பன் சொன்னபோது, வெண்ணந்தூர் பேருந்து நிலையத்து டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள் மென்று முடித்துவிட்டுத்தான் சிரித்தார்கள். அவ்வளவு நேரம் ராசப்பனும் பொறுமையாகக் காத்திருந்தார்.

"கயிறு கட்டலீங்க. கையக்கூட நீட்டல. வெறுங் கொரலு. டிரைவரு, உள்ள இருந்த சனம், டிக்கியில கெடந்த வாழத்தாரு, அல்லாமே பின்னால வந்துச்சு."

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் காளிதாஸ். அந்தப் பேருந்தின் முதலாளியே அவர்தான்; தன் வண்டியைப் பற்றிய பேச்சில் அவருக்கு எப்படிச் சிரிப்பு வரும். இன்னொருவர் செங்கோடன். ராசப்பன் கண்டக்டராக இருந்த வண்டியில் டிரைவராக இருந்தவர். இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்று, ஒரே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தவர்கள். ராசப்பன் சொல்வதை நம்பாமல் இருப்பதைச் செங்கோடன் ஓய்வுக்குப் பிறகு ஒரு உத்தியோகமாகவே பார்த்துவந்தார்.

"கண்டக்டரே, எந்த டிரைவரும் அடுத்தவன் கொரலுக்கு வண்டிய நிறுத்தமாட்டான். நீங்க உடறதுக்கும் ஒரு அளவு வேணும்" என்றார், டீ கிளாஸைப் பார்த்தபடி.

ராசப்பனுக்குப் பக்கத்தில் சபித்ரி நின்றிருந்தாள், மகள் லிப்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு. இன்றைக்கு ராசப்பன் அளந்தது பொழுதுபோக்குக்கு அல்ல. இந்தக் கதையை யாரும் நம்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

கதை தொடங்கியது வகுப்பில். சேலம் ரோட்டில், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தறிப்பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. பின்னாலுள்ள தகர அறைகளில் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்கள். ஆண்கள் தறி ஓட்ட, பெண்கள் நூல் சுற்றுவார்கள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பேசுகிற அளவுக்காவது அந்தப் பெண்களுக்குத் தமிழ் வேண்டுமென்று பள்ளித் தலைமையாசிரியை மைதிலி நினைத்தார். ஆயுள் முழுக்க ஊர் உலகத்தோடு பேசிய மனிதர் என்று ராசப்பனைப் போய்க் கேட்டார். டீச்சர் கணக்கில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. ராசப்பன் உலகத்தோடு பேசியது உண்மைதான். ஆனால் எல்லோரிடமும் பேருந்துக்குள் சொல்கிற அதே ஒரு கைப்பிடி வாக்கியங்களைத்தான் பேசினார்.

தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. ராசப்பன் சொல்ல, பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். ஏற்றம் இறக்கம் உட்பட, மூக்கால் இழுக்கிற இடம் உட்பட, அப்படியே. ஒரு மாதத்தில் ரேஷன் கடை வரிசையில் முண்டியடித்த பெரிய மீசைக்காரரிடம் சபித்ரி, "பின்னால எடம் காலியாத்தான இருக்குது, அப்பிடியே உள்ள நகருங்க" என்றாள். அவர் நகர்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து இன்னொருத்தி, "எறங்கறவங்க மொதல்ல எறங்கட்டும்" என்றாள். உள்ளே இருந்த நோயாளிகள் மரியாதையாக இறங்கினார்கள். மைதிலி டீச்சர் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். அழுதார் என்று ராசப்பன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லிப்சாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. சேர்த்த பிறகுதான் வழி தெரியாமல் போயிற்று. கரும்பு லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியும் போகிற ரோட்டில் பிள்ளையை நடக்கவிட முடியாது. பள்ளிக்கூட நேரத்துக்கு வருவது காளிதாஸின் பேருந்து ஒன்றுதான். அது பட்டறைப் பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு பறக்கும். அங்கே ஸ்டாப் கிடையாது. இப்படியே போனால் பிள்ளையை ஒடிசாவில் சொந்த ஊரிலுள்ள தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் புருஷன் சொல்லிவிட்டான். சனிக்கிழமை ரயில். சபித்ரி அவனோடு சண்டை போடவில்லை. காலையில் பிள்ளைக்குச் சடை பின்னி, ரோட்டோரம் போய் நின்றாள்.

ராசப்பனும் வேடிக்கை பார்க்கத் தன் மொபெட்டில் போய்ப் புளியமரத்தடியில் நின்றார். பேருந்து வந்தது. கை காட்டினாள். தாண்டிப் போயிற்று. அப்போதுதான் சபித்ரி அடிவயிற்றிலிருந்து விட்டாள்: "ஹோல்டான்."

அது, வண்டியை நிறுத்தக் கத்துகிற ராசப்பனின் குரல். ராசப்பனுக்கே உடம்பு சிலிர்த்தது. சிறுபாலத்துக்குப் பக்கத்தில் பேருந்து கிறீச்சென்று நின்றது. படியில் நின்ற கண்டக்டர் பையன், தான்தான் கத்தினோமோ என்கிற மாதிரி தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். சபித்ரி விடவில்லை. பேருந்தின் பின்பக்கத்தைத் தட்டுகிற மாதிரி காற்றில் தட்டிக்கொண்டு, "வரலாம் வரலாம், பின்னால வரலாம், லெஃப்ட் ஒடி, வா வா வா" என்றாள். எந்த டிரைவரும் அந்தப் பாட்டைக் கேட்டால் யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. வண்டி வந்தது. புளியமரத்தடியில் "போதும்" என்றாள். லிப்சாவை ஏற்றிவிட்டு, "ரைட்" என்றாள். போயிற்று.

மறுநாள் நிற்கவில்லை. டிரைவருக்கு வெட்கம், அப்படியொன்று நடக்கவே இல்லை என்று முதலாளியிடம் சாதித்துவிட்டான். கண்டக்டர் பையன் அவன் மச்சான். பயணிகளில் பாதிப் பேர் தூக்கத்திலும் மீதிப் பேர் செல்போனிலும் இருந்திருக்கிறார்கள்.

இப்போது டீக்கடையில் காளிதாஸ் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்ண்ணா, ஒருக்கா நின்னு ஆள ஏத்துன எடம் ஸ்டாப்புதான். எங்கப்பன் காலத்துல இருந்து நம்ம வண்டிக்கு அதுதான் வழக்கம். நான் மாத்திப் பேசல. ஆனா நின்னுச்சுன்னு உங்களத் தவர வேற ஆராச்சும் சொல்லோணுமில்ல. உங்க பேச்சு… நான் சொல்ல வேண்டியதில்லீங்க."

வாழ்நாளில் முதல்முறையாக ராசப்பனுக்குப் பொய் சொன்ன நாளெல்லாம் சுமையாகத் தெரிந்தது. "ஒரு பர்லாங்கு, காளிதாசு. கண்ணால பாத்தேன்" என்றார். சொல்லும்போதே அது கொஞ்சம் நீண்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது; சுருக்குகிற பழக்கம்தான் இல்லை.

சபித்ரி ஒரு அடி முன்னால் வந்தாள். "சில்லறையா வெச்சிருக்கோம். படியில நிக்க மாட்டோம். அரை டிக்கெட்டுக்கும் டிக்கெட் வாங்கிக்கறோம்" என்றாள். வேறு தமிழ் அவளிடம் இல்லை. காளிதாஸ் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் அசையவில்லை.

"உடு அம்மிணி" என்றார் ராசப்பன்.

அவள் மகளைத் திருப்பி நிறுத்தி, மெதுவாக, ராசப்பன் கடைசி டிரிப்பில் சொல்கிற அதே களைத்த குரலில் சொன்னாள்: "போலாம், ரைட்."

செங்கோடனின் வலதுகால் பெஞ்சுக்கு அடியில் தானாக நகர்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தேடியது. அதை ராசப்பன் பார்த்தார். ராசப்பன் பார்த்ததைச் செங்கோடனும் பார்த்தார்.

"இருங்க" என்றார் செங்கோடன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஒரு பர்லாங்கெல்லாம் இல்ல. பாலத்துல இருந்து புளியமரம் வரைக்குந்தான்."

கடை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது.

"டிரைவரே, உங்களுக்கெப்பிடித் தெரியும்?" என்றார் ராசப்பன்.

"சேலம் சூரமங்கலத்துல மக ஊட்டுக்குப் போய்ட்டு அந்த வண்டியிலதான வந்தேன். டிரைவருக்குப் பொறகால சீட்டு."

"இத்தன நாளு சொல்லவே இல்ல."

"எதுக்குச் சொல்றது? ஹோல்டான்னதும் உங்க கொரலுன்னே நெனச்சுட்டேன். அந்த டிரைவர் பையனாவது பிரேக்கு மேல காலு வெச்சிருந்தான். நான் டிக்கெட்டு எடுத்து உக்காந்திருக்கிறவன், பிரேக்குன்னு நெனச்சு முன்னால இருந்த கம்பிய ஒதச்சுட்டேன். கட்டைவெரலு இன்னும் வீங்கிக் கெடக்குது. இத வேற உங்ககிட்டச் சொல்லி, ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டுக் கெடக்கோணுமா?"

ராசப்பன் வாயைத் திறந்தார். செங்கோடன் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, காளிதாஸைப் பார்த்துத் திரும்பினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"நின்னுச்சு தம்பி. பின்னாலயும் வந்துச்சு. இந்தப் புள்ள ஏறுச்சு. நடந்ததுதான்."