கண்ணாடியில் சந்தனம்

தங்கலட்சுமி கடைசிப் படத்தையும் கயிற்றில் மாட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்து பார்த்தபோது, பக்கத்துக் கடை ஷஹீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏங்க்கா, எருமை எப்ப செத்துச்சு?”

“என்னம்மா சொல்ற?”

“பின்ன என்ன, பொட்டு வச்சிருக்கீக! எருமைக்கு ஒண்ணு, டிரான்ஸ்பார்மருக்கு ஒண்ணு, வேலிக்கருவைக்கு ஒண்ணு. இன்னும் ஒரு மாலை மட்டும் போட்டீகன்னா அருப்புக்கோட்டையே வரிசையில நின்னு துக்கம் கேக்கும்.”

அப்போதுதான் கவனித்தாள். சட்டம் போட்ட ஒவ்வொரு கண்ணாடியிலும் மேல்பக்கம் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காலையில் புறப்படும் முன் கணவன் சோலையின் போட்டோவுக்கு வைத்த கை, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த படங்களுக்கும் தன்பாட்டுக்கு வைத்துக்கொண்டே போயிருக்கிறது. மூன்று வருசப் பழக்கம். கைக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

மற்ற படங்களில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சாலைப் படத்தில் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலைச் சேலைத் தலைப்பில் கவிழ்த்து, முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் துடைத்தாள்.

அந்தப் படத்தை அவள் விற்க வரையவில்லை. திருச்சுழி ரோட்டில் சின்னப் பாலம் தாண்டி வரும் வளைவு. மண்டை போன ஒற்றைப் பனை. மொபெட்டில் நீலக்கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன், முதுகைக் காட்டியபடி போகிறான். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஒரு ரோடு, யாரோ ஒரு ஆள். சோலையைப் பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனவனுக்கு மட்டும் அது வேறு. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னது இவ்வளவுதான்: வெள்ளைக் கார், முன்பக்கம் இடதுபக்க விளக்கு நொறுங்கியிருந்தது. போலீஸ் எழுதிக்கொண்டது. எழுதியதோடு சரி.

அன்றிலிருந்து அவள் பார்க்காத வெள்ளைக் கார் இல்லை. காரியாபட்டி சந்தையில், கல்யாண மண்டப வாசல்களில், கோயில் வெளியில். உடன்பிறந்த தம்பி புதுசாகக் கார் வாங்கி வந்து லட்டு நீட்டியபோதுகூட, அதை வாங்காமல் முதலில் முன்பக்கமாகச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தாள். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறு மாதமாக அவன் வீட்டுக்கு வருவதில்லை.

பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓவியச் சந்தை போடுகிறார்கள், நாலா ஊரிலிருந்தும் காரில் ஆட்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குத் தோன்றியது இதுதான். படத்தை முன்னால் மாட்டி வைத்துவிட்டு, அதன் முன் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது. எவன் காலாவது தயங்கும்.

வெயில் ஏற ஏறக் கூட்டம் வந்தது. காற்று புழுதியை அள்ளிக் கண்ணாடிகளில் பூசியது. ஷஹீனா கண்ணாடியில் பொன்வண்ணத்தில் எழுதிய அரபு எழுத்துகள் நன்றாக விற்றன. அவளுடைய வாயும் விற்றது. தங்கலட்சுமி விலை கேட்டவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொன்னாள். எருமையை ஒரு டீச்சர் வாங்கிக்கொண்டு போனார். சாலைப் படத்தின் முன் ஒருவன் வெகுநேரம் நின்றான். கடைசியில் பார்த்தால் போன் பேசிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன், “இது நம்ம பாலத்து வளைவுல்ல?” என்றான்.

“காரு வச்சிருக்கீகளா?” என்று கேட்டுவிட்டாள்.

“தெனம் ஆறு நடை அந்த ரோட்டுல மினிபஸ் ஓட்டுறேன். என்கிட்ட வந்து காரு இருக்கான்னு கேக்குறீகளே தாயி!”

அவன் போனதும் ஷஹீனா சொன்னாள்: “படம் பாக்க வாரவுகள எல்லாம் திருடன் மாதிரி பாக்குறீக. அப்புறம் எங்குட்டு விக்கும்?”

மூன்று மணி வாக்கில் அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை. கூட யாரும் இல்லை. ஒருமுறை கடந்து போனார். திரும்பி வந்து ஷஹீனா கடையில் எதையோ பார்ப்பதுபோல நின்றார். மூன்றாம் முறை நேராகச் சாலைப் படத்தின் முன் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இவுக எறந்து எத்தன வருசமாச்சு?”

தங்கலட்சுமி திரும்பினாள். “யாரு?”

“படத்துல இருக்குறவுக.”

அவள் படத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் மேல்விளிம்பில், சேலைத் தலைப்பு எட்டாத மூலையில், மஞ்சளாக ஒரு நகக்கண் அளவுக்குச் சந்தனம் காய்ந்திருந்தது.

“பொட்டு வச்ச தடம் இருக்கே, அதான் கேட்டேன்” என்றார்.

அவள் பார்வை அங்கே போன பிறகு அதைச் சொன்னாரா, போவதற்கு முன்பே சொன்னாரா? பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தும் அவளால் அந்த இரண்டையும் வரிசைப்படுத்த முடிந்ததில்லை.

“மூணு வருசம்” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். “மொகத்தக் காட்டாம வரஞ்சிட்டீகளே.”

“உங்களுக்குத் தெரிஞ்ச மொகமா?”

“ரோட்டுல போறவுகள நாம பின்னாலருந்துதான பாக்குறோம்” என்றார் மெதுவாக. பிறகு, “இத எடுத்துக்குறேன்.”

விற்பதற்கில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கொடுக்காவிட்டால் ஆள் இப்படியே போய்விடுவார். கொடுத்தால் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். போகிற இடத்தைப் பார்த்துவிடலாம். வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் பேரம் பேசவில்லை.

“பேப்பர் சுத்தித் தரட்டுமா?”

“வேணாம். மூட வேணாம். அப்படியே தாங்க.”

சட்டத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். படத்தை மார்போடு அணைத்தபடி கூட்டத்துக்குள் நடந்தார்.

“அடேயப்பா, வித்துட்டீகளே!” என்றாள் ஷஹீனா. “எங்க ஓடுறீக? அக்கா! கடைய யாரு பாக்குறது?”

மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்து வரிசையில் கார்கள் நின்றன. அவர் ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார். படத்தைப் பின் சீட்டில் போடவில்லை. டிக்கியிலும் வைக்கவில்லை. தமக்குப் பக்கத்துச் சீட்டில் நிமிர்த்தி வைத்து, பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார். மாட்டிவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

தங்கலட்சுமி காரின் முன்னால் போய் நின்றாள். குனிந்தாள்.

வலதுபக்க விளக்கின் கண்ணாடி வெயிலில் கிடந்து மஞ்சளித்து, புரை விழுந்த கண்ணாக மங்கியிருந்தது. இடதுபக்க விளக்கு தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

ஒரு விளக்கை மாற்றிய கார் ஊரில் எத்தனையோ உண்டு. சுவரில் இடித்திருக்கலாம், மாடு முட்டியிருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்தாள். நகரவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போக வழி இருந்தது, திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். புழுதி படிந்த முன்கண்ணாடிக்கு அந்தப்பக்கம், பெல்ட் போட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டியபடி சோலை வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.