சபை வீட்டுக் கதவு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: கூட்டத்தை நடத்திய சார்புச் செயலர் நிர்மலாதேவி, கட்டடப் பிரிவின் பொறியாளர் இளஞ்செழியன், பாரம்பரியக் குழுவிலிருந்து கோபிநாத், நாற்காலி வாடகைக் கடையில் வேலை செய்யும் மண்ணாங்கட்டி, என் மருமகள் ஞானமேரி, பிறகு அருளானந்தம் ஆகிய நான். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் ஊரில் பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

என் மகன் ரெக்ஸுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் அது. அவன் எப்படி இறந்தான் என்பதை ஒரு கல்லில் வெட்டி வைக்கப் போவதாகவும், அந்த வாசகத்துக்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றும் எங்களை அழைத்திருந்தார்கள்.

அவன் இறந்த கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைச் சபை வீடு என்பார்கள். அது சபைக்காகக் கட்டியதல்ல. அவுரி வியாபாரி ஒருவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு. வியாபாரம் நொடித்துப்போனதும் பிரெஞ்சு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, ஊர்ச் சபையை அதன் பெரிய கூடத்தில் உட்கார வைத்தது. சபைக் கட்டடங்கள் பலவற்றின் கதை இப்படித்தான். யாரோ உண்டு உறங்கிய கூடத்தில் மேசை போட்டுச் சட்டம் பேசத் தொடங்குவார்கள். பேசப் பேச அந்தக் கூடத்துக்கு ஒரு மரியாதை சேரும். கூடத்துக்குச் சேர்ந்த மரியாதை அதன் வாசலுக்கும் சேரும். அந்த வாசலில் நின்றது எங்கள் குடும்பம்.

என் பாட்டனார் அந்தச் சபையின் உய்சியே. வாசலைக் காப்பது, உறுப்பினர் பெயரை உரக்கச் சொல்லி உள்ளே விடுவது, கூச்சல் எழுந்தால் அமைதி கேட்பது, இவை உய்சியேயின் வேலை. அவருக்குப் பிறகு என் தகப்பனார். பிரெஞ்சுக்காரர் போன பிறகும் சில காலம் அங்கே சபை கூடியது. அதற்கு நான் நின்றேன். சம்பளப் பட்டியலில் என்னைத் தபேதார் என்று எழுதினார்கள். அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

சபை வேறிடம் போனதும் சபை வீட்டில் ரேஷன் அலுவலகம் வந்தது. பிறகு ஓட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்தார்கள். பிறகு 'ஆபத்தான கட்டடம்' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டிப் பூட்டிவிட்டார்கள்.

போன ஆண்டு விடுதலை நாளுக்கு, அந்தப் பழைய கூடத்திலேயே ஒரு நினைவுச் சபை கூட்ட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. பலகையைக் கழற்றினார்கள். சுவருக்கு மஞ்சளும் உத்தரங்களுக்குப் பச்சையும் அடித்தார்கள். கோபிநாத் என் வீடு தேடி வந்து பழைய நடைமுறைகளைக் கேட்டார். சொன்னேன்.

சபை கூடும் முன் உய்சியே தனியாக உள்ளே போவார். நாற்காலிகளை நேர்செய்வார். பிறகு கதவை உள்ளேயிருந்து தாழிட்டுக்கொண்டு நிற்பார். தலைவர் வெளிப்புறம் வந்து நின்று மூன்று முறை கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து "யார்?" என்று கேட்பார் உய்சியே. "சபை" என்று பதில் வந்தால்தான் தாழ் விலகும். கவர்னரே வந்து நின்றாலும் பதில் அதுவாக இருக்க வேண்டும்.

கோபிநாத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "இதை அப்படியே செஞ்சு காட்டினா எப்பிடி இருக்கும் ஐயா!" என்றார். பாட்டனார் நின்ற இடத்தில் பேரன் நிற்பதுதான் முறை என்றேன். ரெக்ஸ் இங்கே பக்கத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். வழக்கத்தைச் சொன்னவன் நான். அவனை அனுப்பியவனும் நான். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகையின்போது கூடத்தின் கூரை இறங்கியது. உத்தரங்களின் நுனி சுவருக்குள் உளுத்துப்போயிருந்தது. பச்சை வண்ணம் அதை மறைத்திருந்தது. கூடத்துக்குள் இருந்தவன் ரெக்ஸ் ஒருவன் மட்டும்.

இனி அந்தக் கூட்டம்.

நிர்மலாதேவி மரியாதையானவர். எனக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கையிலிருந்த தாளை நிதானமாகப் படித்தார்.

"'கூரை சரியத் தொடங்கியதும் வெளியே வந்தவர், சபைத் தலைவரின் மணியைக் காக்க மீண்டும் உள்ளே ஓடி இன்னுயிர் ஈந்த ரெக்ஸ் அருளானந்தம்.' நல்லா வந்திருக்கு இல்ல சார்? கட்டடத்தத் திரும்பக் கட்டும்போது வாசல்லயே வெக்கிறோம். உங்க அப்பா, தாத்தா பேரும் கீழ வரும்."

மூன்று தலைமுறையின் பெயர் கல்லில். என் எதிரிலிருந்தவர்கள் என்னை நன்றாக அளந்து வைத்திருந்தார்கள்.

"எந்த மணி?" என்று கேட்டேன்.

"தலைவர் மேசையில இருந்த வெங்கல மணி சார்."

"அது வெள்ளைக்காரனோட கப்பலேறிப் போயிடுச்சிம்மா. நான் வேலைக்குச் சேந்தப்பவே கிடையாது. ரூல்தடியால மேசையில தட்டித்தான் அமைதி கேட்டேன்."

நிர்மலாதேவி கோபிநாத்தைப் பார்த்தார். கோபிநாத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மணி வேணாம்னா கொடின்னு போட்டுக்கலாம் ஐயா. தேசியக்கொடியக் காப்பாத்தப் போனாருன்னா இன்னும்கூட..."

"கோபிநாத்து," என்றேன், "என் மகன் எதை எடுக்கப் போனான்னு நீங்க மூணு பேரும் இன்னும் முடிவு பண்ணல. முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

ஞானமேரி என் கையைத் தொட்டாள். என் எதிரில் உரக்கப் பேசாதவள்.

"விடுங்க மாமா. நல்லவிதமாத்தான எழுதியிருக்காங்க. அவரு பேர கெடுக்கலியே."

"இது பேரா?"

"பேரோ என்னமோ. லாஸ்பேட்டை ஆபீசுல எனக்கு வேலை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. நாலு நாளாச் சொல்லணும்னு பாக்குறேன், உங்க மூஞ்சியப் பாத்துட்டு வாய் வரல. உங்க கௌரவத்த உலையில போட்டா வேகுமா? புள்ள பிளஸ் டூ படிக்குது மாமா."

அவள் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்த வாசகத்தின் வேலையை அவள் பார்க்கவில்லை. உள்ளே ஓடியவன் தானாகப் போனவன். தானாகப் போனவனைக் கொன்றவர் என்று ஒருவரும் இல்லை. வீரனின் மனைவிக்கு அரசாங்கத்தில் வேலை கிடைக்கும். அடுத்தவர் கவனக்குறைவால் செத்தவனின் மனைவிக்கு விசாரணை மட்டும்தான் கிடைக்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரு வீரன் தேவைப்பட்டான்.

நான் இளஞ்செழியன் பக்கம் திரும்பினேன்.

"கதவோட உள்தாழ் எங்க தம்பி?"

"எந்தத் தாழ் சார்?"

"ஒத்திகைக்கு மொத நாள் நான் வந்தேன். கதவு உள்பக்கம் நாலு ஓட்டைதான் இருந்துது, தாழ் இல்ல. புதுசு போடச் சொல்லிட்டுப் போனேன்."

"அது துருப்பிடிச்சுப் போச்சு சார். அதே டிசைன்ல ஆர்டர் குடுத்திருந்தோம், வரல. மழக்காத்துல கதவு தானாத் தொறந்துகிச்சு. தட்டுறதுக்கு முன்னாடியே தொறந்துகிட்டா வீடியோல நல்லா இருக்காது. அதனால தற்காலிகமா வெளிய..."

நிறுத்திவிட்டார். நிர்மலாதேவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இது அவருக்கும் புதுச் செய்தி என்று தெரிந்தது.

"வெளிய என்ன?" என்றேன்.

"கொண்டி இருந்துது சார். ஒரு பூட்டு போட்டோம். ஒத்திகைதான?"

"உய்சியே உள்ள இருந்து தாழ் போடுவாரு. வெளிய இருந்து பூட்டுறது கைதியைத்தான் தம்பி."

ஞானமேரி இளஞ்செழியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறையின் மூலையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். அவனைச் சாட்சிக்காக அழைத்து வந்திருந்தார்கள். புதுச் சட்டை போட்டிருந்தான்.

நிர்மலாதேவி முந்திக்கொண்டார். "இவரு அங்க இருந்தவரு. ரெக்ஸ் வெளிய வந்துட்டுத் திரும்ப உள்ள போனதைப் பாத்ததா சொல்லியிருக்காரு. அப்பிடித்தானேப்பா?"

"நான் நாற்காலி எறக்கிகினு இருந்தேம்மா. எனக்கு என்னா தெரியும்?" என்றான் மண்ணாங்கட்டி.

"நேத்து வேற மாதிரி சொன்னியே," என்றார் இளஞ்செழியன்.

"நேத்து நீங்க சொன்னீங்க சார். நான் தலைய ஆட்டினேன்."

கோபிநாத் ஒரு சிரிப்பை இருமலாக மாற்றினார்.

ஞானமேரி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, அவரு வெளிய வந்தாரா?"

"படிச்சவங்க இத்தினி பேரு இருக்காங்க. என்னை ஏம்மா கேக்குற?"

"நீங்கதான வாசல்ல இருந்தீங்க. வந்தாரா, வரலியா? அத மட்டும் சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"வரலம்மா. எப்பிடி வருவாரு? இந்த சார் சாவிய எடுத்துகினு தெருமுனைக்குப் போயிட்டாரு, கதவத் தட்டப் போற பெரியவரு காரு வருதுன்னு. உள்ள இருந்து ரெக்ஸண்ணன் கூப்ட்டாரு. 'ஏம்பா, பூட்ட எடுக்கச் சொல்லு, மேல இருந்து மண்ணு கொட்டுது'ன்னாரு. நான் மழையில ஓடிப் போயி சொன்னேன். 'இருய்யா, காரு வந்துடுச்சி, தட்டுனதும் தொறந்துடலாம்'னாங்க. திரும்பி வந்தேன். அப்ப தட்டுற சத்தம் கேட்டுது."

"யாரு தட்டுனது?"

"அவருதாம்மா. உள்ள இருந்து. மூணு இல்ல, விடாம தட்டுனாரு. வீடியோ எடுக்குற ஆளு 'யாருய்யா அது உள்ள தட்டுறது, வெளியதான தட்டணும்'னு சிரிச்சான். நாங்களும் சிரிச்சிட்டோம். அப்புறம் சத்தம் நின்னுடுச்சி. அப்புறந்தான் கூரை வுழுந்துது."

ஞானமேரி அழவில்லை. மேசைக்கு வந்து, நிர்மலாதேவியின் கையிலிருந்த தாளைத் தொடாமல் விரலால் சுட்டினாள்.

"அத எடுத்துட்டு இவரு சொன்னத வெட்டுங்க மேடம்."

"அதையெல்லாம் எப்பிடிம்மா கல்லுல வெட்டுறது? விசாரணை வரும். இழுக்கும். உங்க வேலைக் கோப்பும் அதோட சேந்து நின்னுடும். மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க, நடைமுறையச் சொல்றேன்."

"நிக்கட்டும். அதுவும் உள்ளயே நிக்கட்டும்." என்னைப் பார்த்தாள். "எழுந்திருங்க மாமா."

எழுந்தேன். வழக்கமாக நான் முன்னே நடப்பேன், அவள் பின்னால் வருவாள். அன்று அவள் முன்னே போனாள். வெளியே ஆட்டோவுக்கு நின்றபோது, நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்தாள்.

"உங்க குடும்பப் பெருமைக்காகப் பேசுனேன்னு நெனச்சிடாதீங்க. கதவத் தட்டுனாரே, அதுக்காகப் பேசுனேன்."

எனக்குப் பதில் சொல்ல உரிமையில்லாத இடம் அது.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். விசாரணை கேட்டு மனுக் கொடுத்தோம். அது எண்ணிடப்பட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிற்று. இளஞ்செழியன் காரைக்காலுக்கு மாற்றப்பட்டார். அதைத் தண்டனை என்று சிலரும் பதவி உயர்வு என்று சிலரும் சொன்னார்கள். மண்ணாங்கட்டியை நாற்காலிக் கடையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மூலக்குளத்தில் கட்டட வேலைக்குப் போகிறான். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான், நின்று பேசுவதில்லை. ஞானமேரி, ரெக்ஸ் வேலை பார்த்த கம்பெனியிலேயே பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். என்னோடு தேவைக்குப் பேசுகிறாள்.

கல் வைக்கவில்லை. குடும்பத்தின் சம்மதம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஆனால் சபை வீட்டைச் சுற்றிக் கட்டிய தகர வேலியில் ஒரு பெரிய பதாகையைத் தொங்கவிட்டார்கள். அதில் ரெக்ஸின் திருமணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். கீழே நிர்மலாதேவி வாசித்த அதே வாசகம். படத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் போய்க் கழற்றச் சொன்னேன். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் காவலுக்கு நின்றவர். மழையில் வண்ணம் கலைந்து அது தானாகக் கிழியும் வரை தொங்கியது.

கிழிவதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க வளர்ப்பு ஐயா. எல்லாரும் வெளிய ஓடுறப்ப உங்க புள்ள உள்ள ஓடுனாரே," என்கிறார்கள். போன வாரம் பள்ளி விழா ஒன்றில் ஒரு பெண் குழந்தை இதைப் பேச்சாகவே பேசிப் பரிசு வாங்கியதாம். அன்பினால் சொல்கிறார்கள் என்பது தெரியும். எங்கள் குடும்பம் பொய்யில் பெருமை வாங்கியதில்லை, இனியும் வாங்காது. ஆகையால் எழுதுகிறேன்.

என் மகன் ரெக்ஸ் எதையும் காப்பாற்ற உள்ளே ஓடவில்லை. அவன் வெளியே வரவே இல்லை. கதவை வெளியே பூட்டியிருந்தார்கள்.