பிரிக்காத அட்டை

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம்... ம், அந்தப் பக்கமும் காட்டு."

சமையலறை விளக்குக்கு நேராக முகத்தை உயர்த்தி, தம்பி மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். முப்பத்து நான்கு வயதுப் பெண். அவளுடைய ஏழு வயது மகள் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தின் உட்புறம்வரை எட்டிப் பார்த்த நாத்தனார் செக்கரக்கா, அடுத்ததாகக் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, கைக்குட்டை, பஸ் அட்டை, நாலாக மடித்த ஒரு காகிதம்.

"இருபது நிமிஷம் லேட்டு. ஏன்?"

"சுத்தி வந்தேன் அண்ணி. நேர் வழியில நாலு மருந்துக்கடை இருக்கு."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிற பதில்தான் செக்கரக்காவை அதிகம் உறுத்தும். சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவள் செக்கர். காலர் முனை, பொத்தான் துளை, அக்குள் தையல் என்று விரலாலேயே தடவிக் குறை கண்டுபிடிப்பாள். கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்ல அங்கே ஸ்டிக்கர் கிடையாது. அந்த வேலை அவளுக்குள் ஊறிப்போய், வீட்டிலும் அவள் கை அம்பைத் தேடிக்கொண்டே இருந்தது.

காகிதத்தைப் பிரித்தாள். பென்சிலில் எழுதியிருந்தது: எழுந்திரு. முகம் கழுவு. ஆண்டவரிடம் இன்றைக்கு உள்ளதை மட்டும் கேள். வேலைக்குப் போ. சுற்றி வா. ஒருவரிடமாவது ஓர் உண்மை சொல்.

"இதென்ன சின்னப்புள்ள வாய்ப்பாடு?"

"மறுவாழ்வு இல்லத்து அம்மா எழுதிக் குடுத்தாங்க. பெரிசா எதையும் நெனைக்காத, அடுத்த ஒரு அடி மட்டும் வையின்னாங்க."

"அடி வைக்கிறவ எதுக்கு இப்படி வேர்த்துக்கிட்டு நிக்கிற?"

தம்பி மனைவி கவிழ்ந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தார். பத்து நாள் இரண்டு வருடமானது. கடைசியில் ஒரு மத்தியானம் தேய்ப்பு இயந்திரத்தின் முன்னால் கண் செருகி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மறுவாழ்வு இல்லத்தில் தொண்ணூறு நாள் இருந்துவிட்டுத் திரும்பியவள் சபைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலிருந்த பெண்கள் கைப்பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அதே சபையில்தான் தம்பி பதினோரு வருடக் குடிக்குப் பிறகு மனந்திரும்பி வந்தான். அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூப்பர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாதம் ஒருமுறை மேடையேறி, ஆண்டவர் தன்னைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்ட கதையை அவன் சாட்சியாகச் சொன்னான். பிறகு திருவிருந்தில் அப்பத்தட்டு ஏந்தும் பொறுப்பும் வந்தது. நடுவில் இரண்டு முறை சறுக்கினான். "சோதனைக் காலம், ஜெபிப்போம்" என்றது சபை. மனைவிக்கு மட்டும் வேறு பேச்சு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா என்று பெண்களே முணுமுணுத்தார்கள்.

அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வேலையைத் தம்பிதான் அக்காவிடம் ஒப்படைத்தான். "ஒனக்குத்தான் கண்ணு இருக்குக்கா" என்றான். அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. மகளின் படுக்கையும் அத்தை அறைக்கு மாறியது.

ஒரு வியாழக்கிழமை தொழிற்சாலையில் மின்சாரம் போய், மூன்று மணிக்கே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். செக்கரக்கா வீட்டுக்குப் போகவில்லை. சலவைக்கூடத்துக்கு எதிரேயிருந்த பஸ் நிறுத்தத்தில் தூணோடு தூணாக நின்றாள்.

ஐந்தே காலுக்குத் தம்பி மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள். சுற்று வழியில் திரும்பினாள், நின்றாள். திரும்பி வந்து, செக்கரக்கா தள்ளிப் பின்தொடர, நேர் வழியில் நடந்தாள். முதல் மருந்துக்கடையைத் தாண்டினாள், இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவது கடைக்குள் போனவள் வெளியே வரும்போது ரவிக்கைக்குள் எதையோ செருகிக்கொண்டாள்.

'மாட்டினா!'

செக்கரக்காவின் நெஞ்சு குதித்தது. அது சந்தோஷம்தான் என்று அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் குறுக்குச் சந்து வழியாக ஓட்டமும் நடையுமாக வீடு வந்து, ஒன்றும் தெரியாதவள்போல அடுப்படியில் நின்றாள்.

தம்பி மனைவி உள்ளே வந்தாள். இவள் "வாயத் தொற" என்று சொல்வதற்குள், ரவிக்கைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வாங்கிட்டேன் அண்ணி. இன்னைக்கு வலி தாங்கல. ஆனா பிரிக்கல. நீங்களே எடுத்துக்கிடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் எங்கிட்ட இருந்தா பிரிச்சிருவேன்."

செக்கரக்கா அட்டையை எடுத்தாள். பத்துக் குமிழ், பத்து மாத்திரை. புரட்டிப் பார்த்தாள். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டியிருப்பாளோ என்று ஓரங்களை நகத்தால் சுரண்டினாள். எங்கும் கிழிசல் இல்லை.

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுதானே குடுக்கற?"

"நீங்க பாத்தீங்களா?" தம்பி மனைவி நிஜமாகவே திடுக்கிட்டாள். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "இருக்கட்டும். ரெண்டு வருஷத்துல நானா வாயத் தொறந்து ஒரு உண்மை சொன்னது இன்னைக்குத்தான். நீங்க நம்பாட்டியும் பரவால்ல. சொல்லிட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். செக்கரக்கா விடவில்லை. குறை கண்டால் மேலே சொல்ல வேண்டும், அதுதான் பழக்கம். தம்பி வந்ததும் அட்டையை அவனிடம் நீட்டினாள். அவன் அதை அப்படியே போதகரிடம் கொண்டுபோனான்.

சனிக்கிழமை காலையில் போதகரும் இரண்டு மூப்பர்களும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தின் நடுவே அந்த அட்டை ஒரு பிணம்போலக் கிடந்தது. போதகர் கோபக்காரர் அல்ல. குரலில் தேன் வடியும்.

"ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். ஆறு மாசம் திருவிருந்து எடுக்க வேண்டாம். கடைசி பெஞ்சில உக்காரு. புள்ளையோட பொறுப்ப அத்தையே பாத்துக்கட்டும்."

"நான் தின்னலையே ஐயா. கொண்டுவந்து குடுத்தேனே."

"வாங்கினல்ல?" என்றான் தம்பி.

அவள் கணவனைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள். "இவரு ரெண்டு தடவ குடிச்சுட்டு வந்தப்ப பெஞ்ச மாத்தலையே ஐயா?"

போதகர் பெருமூச்சு விட்டார். "அவன் ஆம்பள. வெளிய போற எடத்துல நாலு பேரு இழுப்பாங்க. நீ ஒரு தாய். ஒன் தப்பும் அவன் தப்பும் ஒண்ணாம்மா?" பிறகு செக்கரக்காவின் பக்கம் திரும்பினார். "தெனமும் கூட இருந்து பாக்கறது நீங்க. நீங்களே சொல்லுங்க. இவள நம்பலாமா?"

அறை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. தம்பி லேசாகத் தலையை ஆட்டினான். சொல்லிவிடு என்று அர்த்தம்.

செக்கரக்காவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நம்பிக்கை என்பது அவள் தொழிலில் இல்லாத சமாச்சாரம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்ததைச் சொல்வது.

"நம்பலாமான்னா எனக்குச் சொல்லத் தெரியலங்கய்யா" என்றாள். "பாத்ததச் சொல்றேன். இவ அட்டைய இவளே கொண்டாந்து வச்சா. தம்பி ஒளிச்ச சாராய பாட்டில நாந்தான் கண்டுபிடிச்சேன். மூணு தடவையும்."

"ரெண்டு தடவ" என்று திருத்தினார் ஒரு மூப்பர்.

"மூணுங்கய்யா. இவ இல்லத்துல இருந்தப்ப ஒண்ணு. தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தான். காலையில வாந்தியக் கழுவி, சட்டையத் தேச்சு, சபைக்கு அனுப்பி விட்டது நாந்தான். அன்னைக்கு அப்பத்தட்டு அவன் கையில இருந்துச்சு. நீங்க அவன் கையிலருந்து எடுத்தீங்க, நானும் எடுத்தேன்."

தம்பியின் முகம் வெளுத்தது. "அக்கா!"

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் எழுந்து போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார்.

"இது இந்தக் கூடத்தோட இருக்கட்டும்" என்றார். "ஆம்பள பேரு கெட்டா சபை பேரும் கெட்டுரும். அவன் சாட்சியக் கேட்டு எத்தனையோ பேரு திருந்தியிருக்காங்க. தம்பிக்காகத் தனியா ஜெபிப்போம். இந்தம்மா விஷயத்துல முடிவு பண்ணினது பண்ணினதுதான்."

ஜெபித்தார்கள். எழுந்து போனார்கள். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அவர்கள் பின்னால் போனான். சிறுமி வந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். அவளை இறக்கிவிட வேண்டியது அத்தையின் பொறுப்பு. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை தம்பி மனைவி பழக்கப்படி விளக்குக்கு நேராக நின்று வாயைத் திறந்தாள். செக்கரக்கா பார்க்கத்தான் செய்தாள். ஒரே நாளில் மாறிப்போகிற சுபாவமா அது? பார்த்து முடித்ததும், "இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

மறுநாள் சபையில் தம்பி மனைவி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முன்வரிசையில் பதினைந்து வருடமாகச் செக்கரக்காவுக்கு ஓர் இடம் உண்டு. அவள் அதைத் தாண்டி வந்து தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்த தலைகளை ஒவ்வொன்றாக அவளும் திரும்பிப் பார்த்தாள்.

திருவிருந்து நேரம். வெள்ளைச் சட்டையில் தம்பி அப்பத்தட்டை ஏந்தி வரிசை வரிசையாக வந்தான். கடைசி பெஞ்சுக்கு வந்தவன், மனைவியைக் காணாதவன்போல, அவளுக்கு மேலாகக் கையை நீட்டி அக்காவிடம் தட்டைக் காட்டினான்.

செக்கரக்கா எடுக்கவில்லை.

"எடுக்கா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவன் தட்டோடு நின்றான். நகர்ந்து போக அதற்குப் பின்னால் வரிசை இல்லை.