செவலைக்கு ஒரு வழி

கண்ணாடியை வெட்ட முடியாது என்று குரு சொன்னபோது மாதுவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது; அது அவர் மனைவி ஆசைப்பட்டுக் கேட்ட கண்ணாடி. குரு பாலக்கோட்டில் அலுமினியக் கடை வைத்திருப்பவன். பின்வாசல் கதவின் கீழ்க் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"இது டஃபன் கிளாஸுங்க. ஓட்டை போட்டா மொத்தமா நொறுங்கிரும். இத எடுத்துட்டு அலுமினிய ஷீட்டு போட்டு, அதுல பூனைக்கு வழி வெச்சிரலாம். மேல் கண்ணாடி அப்படியே இருக்கட்டும்."

மாது தலையாட்டினார். "சரி, பண்ணுங்க."

"ஓசூர்ல ஒரு வூட்டுல நாய்க்கு வெச்சேன். பூனைக்கு இப்பத்தான்." சிரித்தவன், கதவின் உள்பக்கம் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான்.

மகன் நவநீதன் இந்த வீட்டைக் கட்டியபோது கண்ணாடிக் கதவு வேண்டுமென்று கேட்டவள் மாதுவின் மனைவி நிர்மலாதான். மாரண்டஹள்ளியில் அவள் பிறந்த வீட்டுச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. இங்கே அடுப்படியில் நின்றபடியே தக்காளித் தோட்டமும் அதற்கப்பால் மலையும் தெரிய வேண்டும் அவளுக்கு. அவள் பூனை செவலை வந்து கண்ணாடியைப் பிராண்டினால் கையில் கரண்டியோடே போய்த் திறந்துவிடுவாள். போன வருஷம் மறதி ஆரம்பித்தது. முதலில் குழம்புக்கு உப்பு, பிறகு அக்கம்பக்கத்துப் பெயர்கள், பிறகு மகனின் முகம். கதவைத் திறப்பது மட்டும் மறக்கவில்லை. பூனைக்குத் திறந்தவள் அதன் பின்னாலேயே தானும் போய்விடுவாள். ஒருமுறை கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை பென்னாகரம் சாலையின் நடுவில் துணிப்பையோடு நின்றாள். லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்.

"பூட்டிருங்கப்பா. வேற என்னா பண்றது," என்றான் நவநீதன் போனில்.

பூட்டினார். செவலை வெளியே நின்று பிராண்டியது. நிர்மலா உள்ளே நின்று கண்ணாடியை அறைந்தாள், உள்ளங்கை கன்றிப்போனது. பூனை பட்டினி என்று அவளும் சோற்றைத் தொடவில்லை. பூனையை உள்ளேயே வைத்துப் பார்த்தார். அது போக வேண்டுமென்று கத்தியது, அவளும் சேர்ந்து அழுதாள். அதற்காவது ஒரு வழி இருந்தால் இவள் அடங்குவாள் என்றுதான் குருவை வரச் சொன்னார்.

குரு ரப்பரை உருவிக் கண்ணாடியைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்தான். ஈர மண் வாசனையோடு காற்று உள்ளே வந்தது. ஷீட்டை எடுக்க அவன் வண்டிக்குப் போன சமயத்தில் நிர்மலா துணிப்பையோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, குனிந்து, வெறும் சட்டத்துக்குள் தலையையும் ஒரு காலையும் விட்டுவிட்டாள். மாது ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தார்.

"உடுங்க. பஸ்ஸு வந்துரும். அம்மா பார்த்துட்டு இருக்கும்."

அவள் அம்மா செத்து வெகுகாலம் ஆயிற்று. "இன்னைக்கு பஸ்ஸு இல்லியாம், நிர்மலா." சொல்லிச் சொல்லி அந்தப் பொய் அவர் நாக்குக்குப் பழகியிருந்தது. அவள் திமிறினாள். ஷீட்டும் கையுமாகக் குரு வந்தான். ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடைவெளியை அடைத்தாற்போல் வெளியே உட்கார்ந்தான்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, பையை வைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

மதியத்துக்குள் வேலை முடிந்து குரு கிளம்பிவிட்டான். செவலை ஷீட்டில் வைத்த சிறுகதவை மோந்து பார்த்தது, பிறகு மூக்கால் தள்ளிக்கொண்டு வெளியேறியது. தரையில் உட்கார்ந்திருந்த நிர்மலா சிறுகதவு ஆடி அடங்கும்வரை பார்த்தாள்.

"அதுக்கு வழி வெச்சிட்டீங்க," என்றாள். "நான் எதுலங்க போறது?"

மாது சாவியை எடுத்தார். முன்வாசல் வழியாக வெளியேறி, அதையும் பூட்டிவிட்டு, சுற்றி வந்து பின்படியில் உட்கார்ந்தார். ஷீட்டின் மறைவில் இங்கே அழுதால் அவளுக்குத் தெரியாது. செவலை தக்காளிச் செடிகளுக்குள் மறைந்துவிட்டிருந்தது.

அவர் பக்கத்தில் சிறுகதவு அசைந்தது. வளையலோடு அவள் கை வெளியே வந்து காற்றில் துழாவியது. மாது நகர்ந்து, குனிந்து, தலையைக் கொடுத்தார். நரைத்த முடியில் விரல்கள் பட்டன. ஒரு கணம் நின்றன. பிறகு தடவத் தொடங்கின.

"எங்க சுத்திட்டு வர்ற," என்றது உள்ளிருந்து குரல். "வா, உள்ள வா."

வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தலையை எடுக்கவில்லை.