முருகன் படம் போட்ட பெனர்

சுரேசின் மகள் லக்சிகாவுக்கு நாலு வயது. அவளுக்கு வேர்க்காது. பிறவியிலேயே அப்படி ஓர் உடம்பு. வெயில் ஏறினால் சூடு வெளியே போக வழியில்லாமல் காய்ச்சலாகி, வலிப்பில் கொண்டுபோய் விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள் என்றும் சொன்னார். நல்லாச் சொன்னார்! கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கிற மனிதன் குளிர்ச்சிக்கு எங்கே போவான்?

சுரேசுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவன் ஓட்டுகிற லொறியில் ஏசி இருந்தது. முதலாளி நல்ல மனிதர். லீவு நாட்களில் லொறியை வீட்டுக்கே கொண்டுபோக விட்டிருந்தார். சித்திரை மாதத்து மத்தியானங்களில் எஞ்சினை ஓடவிட்டு, பிள்ளையை சீட்டில் படுக்கவைத்து, கண்ணாடியை ஏற்றிவிடுவான். உலகத்தில் வேறு வேலையே இல்லாதவன் போல அந்த ஏசியைக் கவனித்தான். லொறி முகப்புக்குப் பின்னால், ஏசி காஸை ஆற்றும் மெல்லிய தகட்டு வலையைப் பழைய பல் பிரஷ்ஷால் தடவித் தடவித் தூசு எடுப்பான்.

"இந்தக் கவனிப்புல பாதி எனக்குக் கெடச்சிருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பேன்" என்று மனைவி சுகிர்தா கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவன் வருசப் பிறப்புக்கு லொறிக்குப் பூசை போடாமல் விடுவானா? பெரிய பெனர் ஒன்று அடித்தான். முருகன் படம், கீழே கொட்டை எழுத்தில் 'லக்சிகாவின் உபயம்'. அதை லொறியின் முகப்பு முழுக்க இழுத்துக் கட்டி, மேலே இரட்டை மாலையும் போட்டான். கண்டியில் கோவில் வாசலில் ஐயர் கற்பூரம் காட்டினார். மூவரும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திகனவுக்குத் திரும்பினார்கள்.

குண்டசாலைக்குக் கிட்டே பண்டிகை நெரிசல். லொறி முக்கால் மணித்தியாலம் நின்ற இடத்திலேயே நின்றது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முன்பக்கம் 'டப்' என்று ஏதோ வெடித்தது. வெள்ளைப் புகை சீறியது.

"அப்பா, காத்து சுடுது" என்றாள் பிள்ளை.

நெரிசல் விட்டதும் லொறியை அப்படியே ஓட்டித் திகனவுக்கு வந்தார்கள்; முனாஸ் நானாவின் கராஜ் திறந்திருந்தது. லொறி ஏசி வேலையில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வந்தவர் எதையும் கழற்றவில்லை. பெனரைத்தான் பார்த்தார்.

"இத யாரு கட்டின?"

"நான்தான் நானா."

"காத்து போற வாயவே மூடி வெச்சீக்கிறீங்களே தம்பி! ஓடுற வண்டிண்டா கொஞ்சம் தாங்கும். நிண்ட வண்டியில ஏசி காஸ் சூடேறி, ஆற வழியில்லாம பைப்ப வெடிக்க வெச்சிட்டு போயீக்கி."

சுரேஸ் பாய்ந்துபோய்ப் பெனரை அவிழ்த்தான். பல் பிரஷ்ஷால் தூசு எடுத்த அதே வலைக்கு முன்னால்தான் சாமியைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான், மடையன்! தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"புது பைப் போட்டுருங்க நானா."

"பைப் செய்ற கட கண்டியில ஈக்கி. அவனுகள் வருசத்துக்கு ஊருக்கு போயிட்டானுகள். பதினேழாம் தேதிக்கு பொறகுதான் தொறப்பானுகள்." முனாஸ் பிள்ளையின் சிவந்த முகத்தைப் பார்த்தார். "இரிங்க, ஒரு கை பார்ப்பம்."

வெடித்த இடத்தை வெட்டி, இரும்பு வளையம் போட்டு இறுக்கி, கையிலிருந்த கடைசி காஸை ஏற்றினார். குளிர் வந்தது. "முருகா!" என்று சுகிர்தா கையெடுத்தாள். எடுத்த கையை இறக்குவதற்குள் வளையம் பிய்த்துக்கொண்டது.

"எண்ட கையில இனி ஒண்டும் இல்ல தம்பி" என்றார் முனாஸ். அவர் கண் கலங்கியிருந்தது.

பிள்ளையின் சட்டையை நனைத்தார்கள். நனைக்க நனைக்கக் காய்ந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஏசி இல்லாத லொறி நெரிசலில் அடுப்புத்தான் என்று, ஆஸ்பத்திரிக்குப் போக முனாஸ் போனில் ஓட்டோவைக் கூப்பிட்டார். நெரிசலில் வந்து சேர அரை மணித்தியாலம் ஆகும் என்றான் ஓட்டோக்காரன். அதுவரைக்கும்? சுரேஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் பேங்கின் ஏடிஎம் கண்ணாடி அறை கண்ணில் பட்டது. அதற்குள் ஏசி இருக்கும்.

சுகிர்தாவை ஓட்டோவுக்குக் காவல் நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வரிசையில் நாலைந்து பேர். முறை வந்ததும் உள்ளே நுழைந்து, பிள்ளையின் முகத்தைக் குளிர்காற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். லக்சிகா கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, ஜில்லுன்னு இருக்கு."

வெளியே கண்ணாடியைத் தட்டினார்கள். காசு எடுக்கிறவன் போல வெறும் பட்டன்களை அமுக்கினான். மறுபடி தட்டினார்கள். காவற்காரர் கதவைத் திறந்தார். சுரேஸ் தெரிந்த சிங்களத்தில் பிள்ளையைக் காட்டிச் சொன்னான். மனிதர் இரக்கப்பட்டார். ஆனாலும் உள்ளே ஆளை நிறுத்தி வைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, சனம் சத்தம் போடுகிறது, வேண்டுமானால் மறுபடி வரிசையில் வா, விடுகிறேன் என்றார்.

வெளியே வந்தான். வரிசை நீண்டிருந்தது. முன்னால் பதினொரு பேர். பிள்ளையின் தலைமேல் ஒரு கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சுரேஸ் பன்னிரண்டாவது ஆளாய் வெயிலில் நின்றான்.