விரல் நுனி வெண்ணெய்

கேக் அக்காவுக்கு அந்த வலி முதன்முதலாக வந்தபோது, ஒரு மூன்றடுக்கு கேக்கின் உச்சியில் க்ரீம் ரோஜாவுக்கு இதழ் வைத்துக்கொண்டிருந்தாள். வலது விலாவுக்குக் கீழே ஈரத்துணியைப் பிழிவதுபோல ஆரம்பித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டைவரை ஏறியது. கடைசி இதழையும் வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது அவள் வழக்கத்தில் இல்லை.

அப்போது அவளுக்கு நாலாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. அதனால் வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர்தான்: அவள், கீழே கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கணவன், மாடியில் வீட்டையும் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மாமியார். மாமியாரை அவள் அத்தை என்பாள். கேட்டுக் கேட்டுத் தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது.

ஸ்கேன் எடுத்த டாக்டர் வாய்த்துடுக்கான மனிதர். திரையைப் பார்த்துக்கொண்டே, "குழந்தை ஜம்முனு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சரியில்ல. பித்தப்பை நிறையக் கல்லு" என்றார்.

பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். "மாசமா இருக்கும்போது இது பல பேருக்கு வர்றதுதான். பித்தம் கெட்டியாகும், பை சோம்பேறியாகும். கொழுப்பு உள்ள போனா பை சுருங்கும், கல்லு போய் வாசலை அடைக்கும், வலிக்கும். வெண்ணெய், க்ரீம், பொரிச்சது எதுவும் வேண்டாம். காய்ச்சலோ கண்ணுல மஞ்சளோ வந்தா அன்னைக்கே வந்துடுங்க. வலி திரும்பத் திரும்ப வந்தா பையை எடுத்துடலாம்."

"ஆபரேஷனா?"

"சின்ன ஓட்டை போட்டுச் செய்யறதுதான். நடு மாசங்கள்ல பயமில்லாம செய்யலாம்."

பயமில்லாமல் என்பது டாக்டரம்மாவுக்கு. கேக் அக்காவுக்கு ஒரே ஒரு பயம் அன்றே வந்து உட்கார்ந்துகொண்டது. தன்னை மயக்கிப் போட்டால் உள்ளே இருப்பதும் மயங்கும். தன்னை எழுப்பக் கன்னத்தில் தட்ட ஆள் இருக்கும். அதை யார் தட்டி எழுப்புவது?

ஆகவே வாயைக் கட்டினாள். கீழே மூட்டை மூட்டையாக மாவும் பாளம் பாளமாக வெண்ணெயும் இருக்க, மேலே அவளுக்கு வேகவைத்த காய், வறண்ட ரொட்டி, உப்பைத் தவிர வேறு சொந்தபந்தமே இல்லாத சூப். அத்தை அவளுக்கென்று தனிப் பாத்திரம் வாங்கி, அதில் வேறு யார் கரண்டியும் படாமல் காவல் காத்தாள்.

அப்படியும் வலி வந்தது. ஒரு வாரம் விட்டு இன்னொரு வாரம், சொல்லிவைத்தாற்போல.

"அம்மா, சூப்புல கொஞ்சமா வெண்ணெய் போட்டியா? ருசிக்குன்னு?" என்று கேட்டுவிட்டான் அடுப்புக்காரன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுக்கு நான் போடுவேனா? நீதான் ஒடஞ்ச பிஸ்கட்டை எல்லாம் பொறுக்கிக் குடுத்திருப்ப. உன் கை சும்மா இருக்காதே. அப்படியே உங்கப்பா."

"போய்ச் சேர்ந்த மனுஷனை ஏன் இழுக்குற?"

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் கேக் அக்கா, விலாவைப் பிடித்தபடி. "யாரும் குடுக்கல, நானும் எடுக்கல. ஒரு துணுக்குகூட நான் சாப்பிடல. சத்தியமா."

அவள் பொய் சொல்லும் ரகமில்லை. அதுதான் அத்தைக்கு உறுத்தியது. மறுநாள் காலை ஒரு கூடைப் பட்டாணியோடு கீழே இறங்கி, வேலை மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உரிக்க உட்கார்ந்தாள். பட்டாணி வெறும் சாக்குப்போக்குதான். கண்கொத்திப் பாம்பாக மருமகளின் வாயையே பார்த்தாள்.

மருமகள் வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்தாள். மெஷினை நிறுத்தினாள். ஆள்காட்டி விரல் க்ரீமில் இறங்கி வாய்க்குப் போனது. "ம்" என்றாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை. மறுபடி விரல். "ம்." மஞ்சள் நிறம் கலந்தாள், விரல். சாக்லேட் உருக்கினாள், விரல். கிண்ணத்தை வழித்துக் கழுவப் போடும் முன் ஒரு தடவை, வழித்த கரண்டிக்கு மரியாதையாக இன்னொரு தடவை. அத்தையின் மடியிலிருந்து பட்டாணி உருண்டு ஓடியது.

"அம்மாடி, இப்ப என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லையே அத்தை."

"விரல் எங்க இருக்கு?"

விரல் வாயில் இருந்தது. கேக் அக்கா அதை மெல்ல வெளியே எடுத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கில் சேரும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தொழில் பழகிய நாளிலிருந்து அந்த விரல் தலையைக் கேட்காமலே போய்வந்துகொண்டிருந்தது. ஒரு நாளில் போனதை ஒன்றாகச் சேர்த்தால் நல்ல கனத்த துண்டு கேக்குக்கு வரும்.

"நானும் தெனம் பாக்கறேனே," என்றான் அடுப்புக்காரன், தலையைச் சொறிந்துகொண்டு. "அதை வேலைன்னுல்ல நெனச்சேன்."

"நீ பாத்த லட்சணம்," என்றாள் அத்தை. அன்றே பழைய பூப்போட்ட தலையணை உறையை வெட்டி நாலு மாஸ்க் தைத்தாள்.

மாஸ்க் போட்டும் விரல் ஓயவில்லை. சாயங்காலம் கழற்றும்போது வாய் இருக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக க்ரீம் அப்பியிருக்கும். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துத் துப்பு துலக்குவாள். "இன்னைக்கு ரெண்டு சாக்லேட்டு, ஒரு எலுமிச்சை பண்ணியிருக்க. சரியா?" சரியாகத்தான் இருக்கும். புள்ளிகள் நாளுக்கு நாள் குறைந்தன.

ருசி பார்க்க ஆள் வேண்டுமே. அந்தப் பதவி அத்தைக்கு வந்தது.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்லாருக்கு."

"சர்க்கரை?"

"சர்க்கரையும் நல்லாருக்கு."

"உப்பு ஒரு சிட்டிகை வேணுமா?"

"உப்பா? கேக்குலயா? இத்தனை நாளா இதைத்தான் எனக்குக் குடுத்தீங்களா?"

மூன்று வாரம் வலியே இல்லை. இப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கை வந்தபோது, ஒரு காலையில் வெறும் ரொட்டியும் வெந்நீரும் சாப்பிட்ட வயிற்றில், முன்பெல்லாம் வந்ததைவிட மோசமாக வந்தது.

"இது உங்க தப்பு இல்ல," என்றார் டாக்டரம்மா. "நீங்க ஒழுங்கா இருந்தும் வருது. இனி தள்ளிப்போட்டா கல்லு குழாய்க்குள்ள நழுவலாம். அப்ப பிள்ளைக்கும் சேர்த்துக் கஷ்டம். இப்பதான் சரியான நேரம்."

கேக் அக்கா மயக்க டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றாள். ஒல்லியாக ஒருவர் வந்தார். தன் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அதுவும் கொஞ்சம் தூங்கும்," என்றார் அவர். "மருந்து இறங்கினதும் தானா முழிச்சுக்கும். யாரும் தட்டவேண்டாம். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதயத்துடிப்பைக் கேப்போம். வெளிய வந்ததும் கேப்போம். உங்களுக்கும் போட்டுக் காட்டுறோம்."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "செஞ்சிடலாம்" என்றாள்.

அடுப்புக்காரனுக்குத்தான் கால் நிற்கவில்லை. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான், கதவின் கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தான். தள்ளுபடுக்கையில் போய்க்கொண்டே அவள் சொன்னாள்: "ஓவன் கதவைத் திறந்து திறந்து பாத்தா கேக்கு அமுங்கிடும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? போய் உக்காருங்க."

உள்ளே முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தபோது, "இதுல பூப் போடலையா?" என்று கேட்டதுதான் அவளுக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது நர்ஸ் ஒருத்தி குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரைமயக்கத்தில் கேக் அக்காவின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து உதட்டுக்குப் போயிருந்தது.

"ம்," என்றாள் கேக் அக்கா. "சர்க்கரை கம்மி."

பிறகு சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது. "என் பிள்ளை?"

நர்ஸ் அவள் வயிற்றில் கருவியை வைத்து ஒலியைக் கூட்டினாள். டுக்டுக்டுக்டுக் என்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் காலடிபோல, அறை முழுக்க நிரம்பியது. கேக் அக்கா அழுதாள், காது இரண்டும் நனையும்வரை.

மறுநாள் ஸ்கேன் அறையில் நெரிசல். அவள் படுத்திருக்க, அடுப்புக்காரன் ஒரு பக்கம், அத்தை மறுபக்கம்.

"பக்கத்து வீடு காலியாயிடுச்சு," என்றார் வாய்த்துடுக்கு டாக்டர். "இனிமே தொந்தரவில்ல. குழந்தை நல்லா முழிச்சிட்டிருக்கு. தோ, தலை. இது முதுகு." படத்தை நிறுத்தினார். "இங்க பாருங்க. கை."

மூவரும் கழுத்தை நீட்டினார்கள். சாம்பல் நிறத் திரையில் ஒரு குட்டிக் கை மடங்கியிருந்தது. விரல் வாய்க்குள் இருந்தது.

அத்தை பெருமூச்சு விட்டாள்.

"அந்தத் தலையணை உறையில இன்னும் துணி மிச்சமிருக்கு," என்றாள். "சின்னதா ஒண்ணு தெச்சிடறேன்."

"சிரிக்க வெக்காதீங்க அத்தை," என்றாள் கேக் அக்கா, தையலை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே. "வலிக்குது."