ஊசிக் கைக்கு ஒரு சட்டை

சுகுமாறன் கத்திரிக்கோலை எடுத்து, அப்பாவுக்குக் கடையில் வாங்கிவந்த புதுச் சட்டையின் முதுகுப் பக்கம் வைத்தபோதுதான், அவர் என்ன செய்யப் போகிறார் என்பது ஷர்மினிக்குப் புரிந்தது.

"இருங்க அங்கிள். ஏன் வெட்டறீங்க?"

சவப்பெட்டி கொண்டுவந்தவர் அவர்தான். குளுவாங் ஊரில் பாதிப் பேரை உடுத்தி அனுப்பி வைத்த கை. கோபப்படாமல் சொன்னார். "கை வெறச்சுப் போச்சும்மா, மடங்காது. பின்னால வெட்டிட்டு முன்பக்கமா போட்டு ஓரத்த சொருகிடுவோம். படுத்திருக்கிறவரோட முதுக யாரு பாக்கப் போறா? எல்லாருக்கும் இப்படித்தான் லா."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா வாசுகி அதுவரை சத்தம் போட்டு அழவில்லை. அப்போதுதான் வெடித்தாள். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் ஒரு சட்டையை முழுசாகப் போட்டதில்லை, போகும்போதும் அரைச் சட்டையா என்று கேட்டாள்.

அது அழுகையில் வந்த பேச்சு இல்லை. அப்பா ராஜசேகரனுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்தும் இடது கை பாகற்காய் மாதிரி புடைத்துக் கிடக்கும். இறுக்கமாக எதுவும் போட முடியாது. டயாலிசிஸ் நிலையத்தில் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைக்கும். சட்டையை ஒரு தோளிலிருந்து இறக்கிவிட்டு, பாதி வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டிய, சட்டை மடிப்புக் கலையாத மனிதர். குளிரைவிட அந்தக் கோலம்தான் அவரை அதிகம் வாட்டியது.

ஷர்மினி ஜொகூர் பாருவில் ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம். வகுப்பில் எல்லாரும் பொம்மை உடம்புக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தபோது, இவள் அப்பாவின் கையை அளந்துகொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை முழுக்கத் திறந்து மூடும் கை. ஆனால் திறப்பு கண்ணில் படக் கூடாது, அதுதான் அவள் போட்டுக்கொண்ட நிபந்தனை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து அவர் மேலேயே துணியைப் போட்டுக் குண்டூசி குத்துவாள். நர்ஸ் குத்துவது போதாதென்று நீ வேறயா என்று அலுத்துக்கொள்வாரே தவிர, அசையாமல் நிற்பார்.

விரிவுரையாளர் மிஸ் யாப்புக்கு இது பிடிக்கவேயில்லை. இது ஃபேஷன் இல்லை, மருத்துவமனைச் சாமான். இதை யார் வாங்குவார் என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டார். கல்யாண உடை தைத்தால் நாளைக்கே சிங்கப்பூரில் வேலை, கை நல்ல கை, வீணாக்காதே என்றார். ஷர்மினி வீம்புக்காரி. நோயாளிகள் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளும் துணிதான் தன் தொழில் என்று முடிவுகட்டியிருந்தாள்.

சட்டை முடிந்தது. நாளைக்குக் காலையில் கல்லூரியில் இறுதிப் படைப்பு, அதுதான் பரீட்சை. துணியை நேரில் கொண்டுபோய் வைக்க வேண்டும், படம் செல்லாது. போட்டுப் பாருங்கள் என்று நேற்று அப்பாவிடம் கெஞ்சினாள். கசங்கிவிடும், முதலில் டீச்சர் பார்க்கட்டும் என்று தொட மறுத்துவிட்டார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஷர்மினி அறைக்குள் போய் அந்தச் சட்டையை எடுத்து வந்தாள். வெளிர் நீலம்.

பெரியப்பா குறுக்கே வந்தார். கிழிந்ததைத் தைக்க ஒரு டிப்ளோமாவா என்று வருஷம் முழுக்கக் கிண்டல் செய்தவர். இப்போது அவருக்குத்தான் பதற்றம். "பாப்பா, இது பரீட்சைச் சட்டையாச்சே. இதப் போட்டு எரிச்சிட்டா நாளைக்கு என்னத்தக் காட்டுவ? அவன் உன்ன இதுக்கா படிக்க வெச்சான்?"

"போட்டுக்கறதுக்குத்தான் தச்சேன் பெரியப்பா."

சுகுமாறன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். விறைத்த வலது கையை முதலில் நுழைத்தார்கள். துணியை முதுகுக்கு அடியில் இழுத்தார்கள். இடப்பக்கம் திறந்து கிடந்த கையை அப்பாவின் கையைச் சுற்றிப் போர்த்தி, தோளிலிருந்து ஒவ்வொரு பட்டனாக ஷர்மினி அமுக்கிக்கொண்டே வந்தாள். எங்கேயும் இழுக்கவில்லை, சுருங்கவில்லை. அழுகை வர வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பெருமைதான் வந்தது. அது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது.

மதியத்துக்குமேல் மிஸ் யாப் வந்தார். நாளை என்னாலும் வர முடியாது, சட்டையும் வராது என்று ஷர்மினி அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு ஜொகூர் பாருவிலிருந்து தானே காரோட்டி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிமுன் நின்று கும்பிட்டார். அப்புறம் கண் மெல்லத் தோள்பட்டைக்குப் போனது. வாத்தியார் புத்தி எங்கே போகும்? கொஞ்சம் குனிந்தார். இன்னும் குனிந்தார். திறப்பு எங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஷர்மினி தோளிலிருந்து முழங்கை வரை திறந்து காட்டினாள். நாளைக்காகப் பலமுறை சொல்லிப் பார்த்த விளக்கம் மலாயும் ஆங்கிலமுமாகத் தானே வந்தது. எந்தத் துணி, ஏன் அந்தத் துணி, வீக்கத்துக்கு எங்கே இடம் விட்டிருக்கிறேன். அணிந்திருப்பவர் என் அப்பா என்ற கடைசி வரியில் மட்டும் குரல் உடைந்தது. மறுபடி பட்டன்களை அமுக்கி மூடினாள். மிஸ் யாப் அவள் தோளைப் பிடித்து, நாளைக்கு நீ வர வேண்டாம், நான் பார்த்துவிட்டேன் என்றார்.

பார்த்தது அவர் மட்டும் இல்லை. டயாலிசிஸ் நிலையத்து ஆட்கள் கூட்டமாக வந்து பின்னால் நின்றிருந்தார்கள். ரெங்கம் ஊர்க்காரர் அய்யாவு, அங்கே அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர், முன்னால் வந்து தன் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். அதே பாகற்காய்க் கை.

"பாப்பா, எனக்கும் ஒன்னு தச்சுக் குடு. நாளைக்கு எனக்கு ஊசி. இப்பவே அளந்துக்க."

பெரியம்மா பதறிப்போனாள். சாவு வீட்டில் பெட்டிக்குத்தான் அளப்பார்கள், உயிரோடு இருப்பவரை அளக்கக் கூடாது என்றாள்.

"சுகுமாறன் அளக்கறதுக்கு முன்னாடி பாப்பா அளக்கட்டுமே," என்றார் அய்யாவு.

வாசலில் நின்ற சுகுமாறன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அய்யாவுக்குப் பின்னால், அதே நிலையத்துக்கு வரும் ஷாமளா டீச்சரும் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை வெளியே எடுத்தாள். பிளவுஸ் வருமா என்று கேட்டாள். இன்னும் இரண்டு பேர் வரிசைபோல் நின்றார்கள். ஷர்மினி அம்மாவைப் பார்த்தாள்.

வாசுகி எழுந்தாள். அறைக்குள் போய் அளவு நாடாவை எடுத்து வந்து மகள் கையில் கொடுத்தாள்.

"அளடி. ஒங்கப்பா பாக்கட்டும்."

ஷர்மினி அய்யாவுவின் தோளில் நாடாவை வைத்து எண்ணைச் சொன்னாள். எழுதிக்கொள்ள யாரும் இல்லை. மிஸ் யாப் பந்தலில் கிடந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டியின் அட்டையைக் கிழித்து வந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தோள், மேல்கை, முழங்கை என்று இவள் சொல்லச் சொல்ல எழுதினார். புடைத்த இடம் வந்ததும் நிறுத்தி, இங்கே எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்று கேட்டார்.

ஷர்மினி சொன்னாள். மிஸ் யாப் எழுதிக்கொண்டார்.